குருத்தோலைச் சாம்பல்

எண்பத்தேழாம் வருஷத்து விபூதி புதன் சாயங்காலம், தாம்பரத்துப் பழைய மாதா கோயில் படியேறும்போதும் ஞானசௌந்தரி அழுதுகொண்டிருந்தாள். புருஷன் சூசைநாதன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். இரும்பையே வளைக்கிறவனுக்குப் பெண்டாட்டியின் அழுகையை நிறுத்தும் வழி தெரியவில்லை.

குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கிப்போகும் ஓலையை வருஷம் முழுக்க வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். அடுத்த விபூதி புதனுக்கு முன் காய்ந்த ஓலையைக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை எரித்துத்தான் எல்லோர் நெற்றிக்கும் சாம்பல். கல்யாணமான நாளிலிருந்து ஞானசௌந்தரி கொடுக்கிறவள்தான். கை பழகிய வேலை, புத்தி கூட வரவேண்டியதில்லை. இந்த வருஷமும் படத்துக்குப் பின்னால் கைவிட்டு அள்ளினாள், கொடுத்துவிட்டு வந்தாள்.

இன்று காலையில்தான் உறைத்தது. ஹில்டா பின்னிய சிலுவையும் அதோடு போய்விட்டது. தலைவிரிகோலமாய்க் கோயிலுக்கு ஓடிப்போய்ச் சாமியாரிடம் கேட்டாள். எரித்தாகிவிட்டது.

ஹில்டா அவர்களுடைய ஒரே பிள்ளை. போன குருத்து ஞாயிறன்று ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாக ஓலையில் சிலுவை பின்னி, "இது மாதாவுக்கு" என்று தானே செருகிவைத்தாள். ஆடி மாசம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். கண்ணில் பட்டால் மனசு தாங்காதென்று சட்டை, பாவாடை எல்லாவற்றையும் அனாதை இல்லத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தக் கை பட்டதென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் பெற்றவளே எரிக்கக் கொடுத்துவிட்டாள். இதற்கு எந்தச் சாமியார் மன்னிப்புக் கொடுப்பார்?

திரும்பி வரும் வழியில், காலைப் பூசைக்குப் போனவர்கள் மார்க்கெட்டில் சாம்பல் நெற்றியோடு கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளையை ஊரே பூசிக்கொண்டு திரிகிறதே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. சாம்பிராணிப் புகை. யாரோ இருமினார்கள்.

கரண்ட் போனது.

ஜன்னலில் அந்தி வெளிச்சமும் செத்திருந்தது. பீடத்து மெழுகுவர்த்திகள் மட்டும் தூரத்தில் எரிந்தன. அப்போது அந்த வாசனை வந்தது. தேங்காய் எண்ணெயும் காய்ச்சல் மருந்தும் கலந்த வாசனை.

யாரோ அவள் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள்.

அவள் குனிந்தாள்.

நெற்றியில் ஒரு விரல் பட்டது. சின்ன விரல். ஜில்லென்றிருந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே இன்னொன்று.

விளக்கு வந்தபோது பக்கத்தில் குழந்தை யாரும் இல்லை. சாமியார் வரிசையின் முன்னால் நின்றிருந்தார். அவள் முறை வந்ததும் விரலைப் பாதியில் நிறுத்தினார்.

"உனக்குப் பூசியாச்சேம்மா."

"நீங்க பூசலையே சாமி."

அவர் அவள் நெற்றியை உற்றுப் பார்த்தார். "வீட்டுக்குப் போய்க் கழுவிடு. நாம பிடிச்சு வெச்சா குழந்தை போகமுடியாது" என்றார், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கும்படி.

வீட்டு டியூப்லைட்டில் சூசைநாதனும் பார்த்தான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"அலம்பிடு சௌந்தரி."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்யா."

"எனக்கு மட்டும் கழுவ ஆசையா இன்னா? அது நிம்மதியா போவ வாணாமா?"

அவனே தண்ணீர் பிடித்துவைத்து, அவளைக் குளியலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினான். ஞானசௌந்தரி வாய்விட்டு அழுதாள். பிறகு சொம்பை எடுத்தாள்.

"போய்ட்டு வாடி கண்ணு" என்று தலையில் ஊற்றினாள். சாம்பல் கரைந்து கண்ணோரமாக வழிந்தது.

"கண்ணு எரியுதும்மா."

குரல் அவள் இடுப்பருகில் கேட்டது. சீயக்காய் தேய்க்கிற சனிக்கிழமைகளில் சிணுங்கும் அதே குரல்.

அடுத்த சொம்பு கையிலேயே நின்றது.

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு விசும்பல்.

கதவுக்கு வெளியே சூசைநாதன் இரண்டடி வந்து நின்றான். தன்னை மறந்து, பழைய பழக்கத்தில் கேட்டான்.

"பாப்பாவ ஏன் அழ வெக்கிற?"