பொம்மிடியில் இருந்த நகல்

வீட்டுக் கேமராப் பதிவு ஓடிய திரையின் மூலையில் இருந்த கடிகாரம் பதினொன்று பத்திலிருந்து ஒரே தாவலில் பதினொன்று ஐம்பதுக்குப் போனது. முற்றத்தைப் பாதி கடந்திருந்த வெள்ளைப் பூனை அப்படியே காணாமல் போனது. நேற்றும் அதே நாற்பது நிமிடம் இல்லை. முந்தாநாளும் இல்லை. நிர்மலாதேவி வயலிலும், மகள் சந்தியா பள்ளிக்கூடத்திலும் இருக்கிற நேரம் அது.

யாரிடம் சொன்னாலும் மிஷின் கோளாறு என்பார்கள். அவளுக்கு அப்படி நினைத்துத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. போன வருடம் கடத்தூருக்கு வெளியே இருக்கும் இந்த வீட்டின் பூட்டை உடைத்தவர்கள், நகையோடு கேமரா பதிவாகும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். காவலுக்கு வைத்ததையே திருடினால் யாரிடம் போய் அழுவது? கணவன் கோவிந்தன் லாரியோடு வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். அதனால் புதுப் பெட்டியைப் பரணில், ராகி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதுவும் போய்விட்டால்? கேமராக்கள் பிடிப்பதெல்லாம் இணையம் வழியாகப் பொம்மிடியில் தங்கை ஜெயபிரியா வீட்டுப் பெட்டியிலும் ஒரு நகலாகச் சேரும்படி செய்தாள். அப்படியொரு நகல் இருப்பது அக்கா, தங்கை, கோவிந்தன் மூவருக்கு மட்டுமே தெரியும்.

சந்தியாவுக்கும் ஒரு பாடம் சொல்லி வைத்திருந்தாள். யாராவது வந்தால் பரணில் ஏறி, ஏணியை மேலே இழுத்து, பலகையை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். கனத்த வேப்பமர ஏணி, பத்து வயதுப் பெண்ணால் ஒரு முழம்கூட அசைக்க முடியவில்லை. "போம்மா, இத நீயே தூக்கிக்கோ" என்று மூச்சு வாங்கச் சிரித்துவிட்டாள்.

திரையில் அந்தத் தாவலைப் பார்த்த மறுநாள் சந்தியாவுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்து, பழைய போனைக் கையில் கொடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிர்மலாதேவி பொம்மிடி பஸ் ஏறினாள். பிள்ளையை விட்டு வந்தது மனசை அறுத்தது. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தைப் பார்க்காமல் இன்னொரு நாள் அந்த வீட்டில் படுக்க அவளால் முடியாது.

ஜெயபிரியா வீட்டில் கடுகு தாளித்த வாசனை நிறைந்திருந்தது, ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகள் கிணுகிணுத்தன. டிவியைப் போட்டதும் முதலில் வந்தது கடத்தூர் வீடு, அந்த நிமிடத்தில் இருந்தபடியே. வாசல் கேட்டைப் பிடித்து ஒருவன் உலுக்கிக்கொண்டிருந்தான். தலையில் ஹெல்மெட்.

"அக்கா, யாருக்கா அது?"

நிர்மலாதேவி அதற்குள் போனை அழுத்தியிருந்தாள். "கண்ணு, சத்தம் போடாத. பரண்ல ஏறிக்கோ. ஏணிய மேல இழுத்துக்கோ."

"தல சுத்துதும்மா."

"ஏறுடி. அம்மா சொல்றேன்ல?"

ஒரு கண் கேட்டிலும் ஒரு கண் நடுவீட்டிலுமாக அவள் பார்த்தாள். சந்தியா போர்வையோடு தட்டுத்தடுமாறி ஏறினாள். பாதங்கள் இருட்டுக்குள் மறைந்தன. ஏணி சரசரவென்று மேலே போனது, பலகை மூடியது. பயம் வந்தால் பிள்ளைக்குக்கூடப் பலம் வந்துவிடுகிறதே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஹெல்மெட்காரன் ஒரு பார்சலைக் கேட்டுக்கு உள்ளே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

"நாசமாப் போறவன், உசுரையே எடுத்துட்டான்" என்று ஜெயபிரியா சிரித்தாள். "பாப்பா செத்த நேரம் அங்கியே இருக்கட்டும். வந்த வேலையப் பாப்போம்."

நேற்றைய நகல். பதினொன்று பத்து. பூட்டிய வீடு, காலியான நடுவீடு, சுவரில் சாய்ந்த ஏணி, சுவரோரம் சந்தியாவின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். மின்விசிறி நின்றிருந்தது. காலண்டர் தாள்கூட அசையவில்லை.

பரண் பலகை நகர்ந்தது.

ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொன்று. அவன் சத்தமில்லாமல் இறங்கி, சொம்பில் தண்ணீர் குடித்து, நிர்மலாதேவி வைப்பது போலவே கவிழ்த்து வைத்தான். கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி பென்சில் கோடுகளிடம் போனான். கடைசிக் கோட்டில் உள்ளங்கையை வைத்தான். அதே உயரத்தில் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் அப்படியே நின்றான்.

பிறகு பதிவுப் பெட்டி இருந்த பரணிலேயே ஏறிக்கொண்டான்.

ஜெயபிரியா பதிவைப் பின்னோக்கி ஓட்டினாள். முந்தாநாள். அவன். அதற்கு முந்தைய வாரம். அவன். நகல் தொடங்கிய முதல் நாள். அன்றும் இறங்கினான். வாசல் வழியாக அவன் உள்ளே வந்தது எந்த நாளின் பதிவிலுமே இல்லை.

நிர்மலாதேவி மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாவி இடுப்பில் குத்தியது. பஸ்ஸில் அரைமணி நேரம்.

"அந்த ஏணி," என்றாள். "ஏறுனத மறுபடி போடு."

ஜெயபிரியா போட்டாள். மெதுவாக.

சந்தியா ஏறுகிறாள். பாதங்கள் மறைகின்றன. பரணின் விளிம்பில் அவள் திரும்பி உட்காருகிறாள். ஒரு கையில் போன். ஒரு கையில் போர்வை. அவள் ஏணியைத் தொடவே இல்லை.

அவள் தோளுக்கு இரண்டு பக்கமும், பின்னால் இருந்த இருட்டிலிருந்து, இரண்டு பெரிய கைகள் நீண்டன. ஏணியைப் பிடித்தன. மேலே இழுத்தன.

பிறகு பலகையை மூடின.