வடிகட்டியின் உட்பக்கம்

ஜீப் நின்ற இடத்திலிருந்து பங்களா தெரியவில்லை. முற்பகல்தான். ஆனால் ஆடி மழை விட்டதும் ஏறிய மூட்டம் சித்திரபுரம் மலையூரையே மூடியிருந்தது. பஞ்சாபகேசன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னே போன டிரைவரின் முதுகைப் பார்த்தபடி ஈரக் கல்பாதையில் நடந்தான். நனைந்த மரம், அழுகிய இலை, எங்கோ வறுபடும் தேயிலை. வாசலை நெருங்கியபோது இவற்றுக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது.

சாம்பிராணி.

அவன் நின்று மோந்து பார்த்தான். இந்த வாசனையைப் பிடிக்கத்தான் அவனைக் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

பஞ்சாபகேசன் கல்பாத்திக்காரன், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் இன்ஜினியர். அது 1978. வெள்ளைக்காரர் கட்டிய அந்தப் பங்களாவில், மலையில் பெய்யும் மழைக்கு எந்த அணையில் எவ்வளவு நீர் ஏறும் என்று கணக்கிடும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டரின் டிஸ்க் பெட்டி மழை தொடங்கியதிலிருந்து அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே சாம்பிராணி வாசனையோடு புகைக்கரி. ஆப்பரேட்டர்தான் ஏதோ செய்கிறான் என்று நிலையத்தின் சூப்பிரண்டு சந்தேகப்பட்டார். அது உண்மையென்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் ஆப்பரேட்டருக்கு வேலை போகும். அவன் குடியிருந்த குவார்ட்டர்ஸும் போகும்.

அந்த ஆப்பரேட்டர் ஈஸ்வரமூர்த்தி, வாசலில் கைகட்டி நின்றிருந்தான். எருத்தேன்பதி என்ற ஊர்க்காரன். வாசனை அவன் சட்டையிலிருந்துதான் வந்தது.

"என்னவாக்கும் இது? காலங்கார்த்தால பூஜையா?" என்றான் பஞ்சாபகேசன்.

"இல்லீங்க சார். ஊட்ல கொழந்தை பொறந்திருக்குதுங்க. இந்த மழைல தலையே காயமாட்டீங்குது. தாய்க்கும் புள்ளைக்கும் புகை போடறோமுங்க. மெஷின் ரூமுக்குள்ள நான் நெருப்புக்குச்சி கூடக் கொண்டு போறதில்லீங்க."

"சட்டையில ஒட்டிண்டு வந்தாலும் புகை புகைதான், கேட்டேளா?"

ஈஸ்வரமூர்த்தி தன் சட்டைக் கையை மோந்து பார்த்தான். அதையும் பஞ்சாபகேசன் மனதில் குறித்துக்கொண்டான்.

டிஸ்க் பெட்டி துணி துவைக்கும் இயந்திரத்தின் உயரத்தில் அறையின் மூலையில் நின்றது. அதன் வயிற்றுக்குள், இட்லித் தட்டுகளைப் போல, ஒன்றின்மேல் ஒன்றாகக் காந்தம் பூசிய தட்டுகள். தட்டுகள் சுழலும் வேகத்தில் அவற்றின்மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலம் உண்டாகும். எழுதவும் படிக்கவும் செய்கிற முனைகள் அந்தப் படலத்தின்மேல் மிதக்கும். தட்டைத் தொடவே கூடாது. முனைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியோடு பார்த்தால் தலைமுடி ஒரு தூண். புகையின் ஒரு துகள் ஒரு பாறாங்கல். அந்தப் பாறாங்கல்லில் முனை இடறினால் தட்டு கீறிப்போகும்; அதில் எழுதியதெல்லாம் அழியும். அதனால்தான் பெட்டியின் அடியில் ஒரு விசிறியும், விசிறிக்கு மேலே ஒரு காற்று வடிகட்டியும் வைத்திருக்கிறார்கள். அறையின் காற்று கீழிருந்து ஏறி, வடிகட்டியில் தூசியை விட்டுவிட்டு, சுத்தமாகத் தட்டுகளுக்குப் போகும்.

யாரிடமாவது இதை விளக்கச் சொன்னால் பஞ்சாபகேசன் சாப்பாட்டையே மறந்துவிடுவான். அன்று அகப்பட்டவள் டீ கொண்டுவந்த கேண்டீன்காரி கத்தரீனாள்.

"அம்புட்டு மென்மையா சார் அது? எங்க மாமியாரை விட ரோசக்காரியா இருக்கும் போலயே" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஈசுவரமூர்த்தியை விட்டுருங்க சார். அவரு இல்ல. முன்னால இருந்த நஞ்சப்பன் சங்கதி கேள்விப்பட்டீகளா?"

"யாரது?"

"அவருக்கு முந்தி ஆப்பரேட்டரா இருந்தவரு. ஆயுத பூசை அன்னைக்கு ஜீப்பு, டைப்ரைட்டர், ஸ்குரூ டிரைவர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வச்சாரு. அதோட விட்டாரா? ‘எல்லாத்துக்கும் பூசை, பெரியவ இந்த டிஸ்க் பெட்டிக்கு மட்டும் வெளிய நின்னு கும்பிடா?’ன்னு கேட்டு, ஓடுத மிஷினோட மூடியத் தொறந்து, சாம்பிராணித் தட்டை உள்ளயே காட்டி மணியாட்டுனாரு. அந்தானைக்கு நின்னு போச்சு. மழைக் கணக்கு பூராவும் போச்சு. அவரை அன்னைக்கே வெளிய அனுப்பிட்டாக. கீழ இறங்கும்போது மூட்டத்துல ஜீப்பு உருண்டு ஆளும் போயிட்டாரு."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பஞ்சாபகேசன் சிரித்தான்.

"செத்தவன் புகை போட மாட்டான் கத்தரீனாள். இருக்கறவன்தான் போடுவான்."

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பொறி வைத்தான். ஈஸ்வரமூர்த்தியைக் கேண்டீனில் உட்காரவைத்து, அவனை எழுந்திருக்க விடக்கூடாது என்று கத்தரீனாளிடம் சொன்னான். உறையைக் கிழித்துப் புது வடிகட்டி ஒன்றை எடுத்தான். பழைய வடிகட்டிகளை ஈஸ்வரமூர்த்தி கழற்றித் தூக்கிப் போட்டிருந்ததால், கரி எந்தப் பக்கம் படிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த முறை பஞ்சாபகேசனே பென்சிலால் விசிறிப் பக்கம் அம்புக்குறி போட்டுப் பொருத்தினான். கீறிய தட்டுகளுக்குப் பதில் புதுத் தட்டுகளை ஏற்றினான். ஜன்னல்களைத் தாழிட்டு, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தான்.

கடைசியாக, கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினான். சுயசோதனைக்கு அதுதான் முறை. வெளியிலிருந்து யாரும் கட்டளை கொடுக்க முடியாது. பெட்டி தன்னைத்தானே சோதிக்கும். முனைகளை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவரும். தானே எழுதி, தானே படித்து, இரண்டையும் ஒப்பிடும். பொருந்தினால் பச்சை விளக்கு, பொருந்தாவிட்டால் சிவப்பு.

விசையைத் தட்டினான். தட்டுகள் முனகி எழுந்து வேகம் பிடித்தன.

டக். டக். டக். டக்.

கடிகாரம் போலச் சீராக ஓடின முனைகள். பச்சை விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் கண்ணாடியில் அப்பிக்கொண்டு நின்றது. பஞ்சாபகேசன் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைக் கேட்டான். நல்ல பெட்டி. ஒரு குறையும் இல்லை. குறை வெளியே, கேண்டீனில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போது தாளம் மாறியது.

டக். டக். டடடக், டடடக், டடடடடக்.

சோதனையில் அப்படி ஓர் ஓட்டம் கிடையாது. அவன் குனிந்து கேபிளைப் பார்த்தான். அது தரையில்தான் கிடந்தது. விளக்கைப் பார்த்தான். பச்சை. பெட்டி தன்னைத்தானே பார்த்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றது.

மறுபடியும் அதே ஓட்டம். சின்னச் சின்னதாக, இடைவிடாமல். ஒரு கை மணியைப் பிடித்து ஆட்டுவதுபோல.

பிறகு வாசனை வந்தது.

அவன் முதலில் தன் சட்டையை மோந்தான். பிறகு கதவிடுக்கில் இருந்த துணியை மோந்தான். இல்லை. பெட்டியின் மூடி இடுக்கில் மூக்கை வைத்தான். வெதுவெதுப்பாக, அப்போதுதான் தணலில் தூவியதுபோல.

பிளக்கைப் பிடுங்கினான்.

மின்சாரம் நின்றால் ஒரு வில் முனைகளைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஒரே ஒரு டக். அவ்வளவுதான் அதனால் முடியும். பிறகு தட்டுகள் வேகம் குறைந்து நிற்கும்.

டக்.

தட்டுகள் நின்றன. அறை அமைதியானது. பிளக் அவன் கையில் இருந்தது.

டடடக், டடடக், டடடடடக்.

வடிகட்டியைக் கழற்ற அவனுக்கு நெடுநேரம் ஆனது; ஸ்குரூ டிரைவர் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அம்புக்குறி போட்ட பக்கம் உறையிலிருந்து எடுத்தபடியே வெள்ளையாக இருந்தது. அறையிலிருந்து புகை வந்திருந்தால் கரி அங்கேதான் படிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், தட்டுகளைப் பார்த்த பக்கம், அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்திருந்தது.

புகை உள்ளே போகவில்லை. உள்ளிருந்து வந்திருந்தது.

கேண்டீனில் ஈஸ்வரமூர்த்தி உட்காரவைத்த இடத்திலேயே இருந்தான். முன்னால் தொடாத டீ ஆடை கட்டியிருந்தது.

"இந்தா இருக்காக சார். ஒண்ணுக்குக் கூட விடல" என்றாள் கத்தரீனாள். பிறகு பஞ்சாபகேசன் முகத்தைப் பார்த்து, அவன் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி மெல்ல எழுந்தான். "மணி கேட்டுதுங்களா சார்?" என்றான் கிசுகிசுப்பாக.

பஞ்சாபகேசன் தலையசைத்தான்.

"எனக்கும் கேக்குமுங்க. சொன்னா பைத்தியம்பாங்க. ஊட்ல பச்சைப்புள்ளை இருக்குது, நான் எங்கீங்க போவேன்?"

சாயங்காலம் சூப்பிரண்டு பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "ஆப்பரேட்டர்னு எழுதிடுங்கோ. ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரி சுலபமானது. யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். பஞ்சாபகேசன் பேனாவை வாங்கி, ஆப்பரேட்டர் மேல் தவறில்லை, பெட்டியை மாற்ற வேண்டும் என்று எழுதினான். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. எதற்கும் காரணம் சொல்லியே பழகியவன், வாழ்க்கையில் முதன்முறையாக ‘தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"இதுக்கு இன்ஜினியர் எதுக்கு?" என்றார் சூப்பிரண்டு.

புறப்படுமுன் கரி படிந்த கருவிகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்துப் பையில் அடுக்கிப் பூட்டினான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. மலை இறங்கும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தான்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீஸ். வெயில் அடிக்கிற அறை, புத்தம்புது டிஸ்க் பெட்டி. கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சுயசோதனையைத் தொடங்கினான். டக். டக். டக். டக். பச்சை விளக்கு. சீரான ஓட்டம். நீண்டதொரு மூச்சு விட்டான்.

வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று குனிந்து பையைத் திறந்தான்.

துடைத்து வைத்தபடியே வரிசையாக இருந்தன கருவிகள். ஸ்குரூ டிரைவர், குறடு, சுத்தியல். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம்.

விரலால் தொட்டான். சந்தனம் ஈரமாக இருந்தது.

அவனுக்குப் பின்னால், பெட்டிக்குள், தாளம் மாறியது.