நிறம் தொலைந்த கல்யாண கேசட்

"என் கல்யாணத்துல யாரோ கலரைத் திருடிட்டாங்கம்மா."

கடைக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். கையிலிருந்த மஞ்சள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தீபாவுக்கு மெய்சிலிர்த்தது. மாத நாவல்களில் வரும் கொலைகாரனைப் பாதிப் புத்தகத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறவள் அவள். பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்க் ஆக்கித் தரும் ஜொஹராவின் கடைக்குக் கூட்டாளியாக வந்ததிலிருந்து அவள் கண்ட பெரிய மர்மம் எலி கடித்த வயர்தான். இப்போதுதான் முதல்முறையாக ஒரு திருட்டு வாசல் தேடி வந்திருக்கிறது.

"உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க," என்றாள் ஜொஹரா. அவள் எதற்கும் பதறியதில்லை. கடலோர ஊர்களைத் தண்ணீர் வாரிக்கொண்டு போன அந்த டிசம்பருக்குப் பிறகு, மீந்த கல்யாண கேசட்டுகளைச் சனங்கள் கோணிப்பையில் கொண்டுவந்து குவித்தபோதும் அப்படித்தான். ஒவ்வொன்றாகத் துடைத்து, டெக்கில் ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, டிஸ்க்காக எழுதிக் கொடுத்தாள். தீபாவின் சொந்த ஊரான கிளிஞ்சல்மேட்டில் அப்படிப் பிழைத்த முகங்கள் பல உண்டு. அதன்பிறகு காரைக்காலில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. எந்தக் கேசட்டை எழுதினாலும் இரண்டு டிஸ்க். ஒன்று தன் வீட்டுக்கு, ஒன்று கடலுக்குத் தள்ளியிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு.

வந்தவள் பெயர் உமாமகேஸ்வரி. நெரவிக்காரி. கணவர் குணசேகரன் மின்துறையில் வேலை பார்க்கிறார். மகள் வினோதினிக்குத் தை மாதம் கல்யாணம்.

"எனக்கு ஒரே அண்ணன், முத்துக்குமரன்னு பேரு. என் கல்யாணத்தன்னிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவரு, போன வாரம் வரைக்கும் வாசப்படி மிதிக்கல. வினோதினி வயசுக்கு வந்தப்ப மாமன் சீரு வரல. புள்ள பச்ச ஓலைக்குடிசையில உக்காந்து தெருவையே பாத்துக்கிட்டிருந்துச்சு. இப்ப கல்யாணத்துலயும் தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடிச்சு மணவறைக்கு அழைச்சிட்டு வரலன்னா, நான் என்னம்மா பண்ணுவேன்?"

"என்ன கோவம்?" என்றாள் தீபா, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

"புடவை. அண்ணன் முதல் சம்பளத்துல கும்பகோணத்துல போய் எனக்குப் பட்டு எடுத்தாரு. கூறைப்புடவை மாத்துற வரைக்கும் மணவறையில அதைக் கட்டிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். அந்த நேரம் பாத்து அவரு பந்தி விசாரிக்கப் போயிட்டாரு. திரும்பி வர்றப்ப நான் மாப்பிள்ளை வீட்டு அரக்குக் கூறையில இருந்தேன். 'என் புடவையை நீ கட்டவே இல்லை, பெரிய இடத்துப் புடவையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டே'ன்னு ஒரே சண்டை. கட்டினேன்னு தலையில அடிச்சுச் சொன்னேன். கேக்கலியே."

"அந்தப் புடவை இப்ப எங்கே?"

"வினோதினிக்குப் பாவாடையாத் தெச்சுப் போட்டேன். அதுவும் கிழிஞ்சு பாத்திரக்காரன்கிட்ட போயிடுச்சு. சாட்சிக்கு இருக்கிறது இந்த கேசட் ஒண்ணுதான்."

கேசட்டை எடுத்தவர் குணசேகரனின் சித்தப்பா. பிரான்சிலேயே இருந்து காலமானவர். சொந்தக் கேமராவில் பிடித்துக்கொண்டு போய், அங்கே வைத்துப் பெரிய கேசட்டாக்கி, அடுத்த விடுமுறைக்குத் தன்னுடைய டிவியும் டெக்குமாக வந்து ஊருக்கே போட்டுக் காட்டியிருந்தார். பெட்டிகளைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார். கேசட் மட்டும் குணசேகரனின் தங்கை செல்லத்தின் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. அதன்பின் யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அன்னிக்குக் கலர்லதான் பாத்தோம், சத்தியமா. போன வாரம் ஒரு கடையில குடுத்து டிஸ்க் ஆக்கி, 'சாட்சி இருக்குது வாங்க'ன்னு அண்ணனை இவரு கெஞ்சி அழைச்சிட்டு வந்தாரு. போட்டா எல்லாம் கறுப்பு வெள்ளை! 'கலரைக் கழுவிட்டுக் காட்டுறியா'ன்னு வச்ச காப்பியைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டாரு. எல்லாம் அந்தச் செல்லம் பண்ண வேலை. அலமாரியில வச்சு என்னமோ பண்ணிட்டா."

"அண்ணன் எடுத்த புடவை என்ன கலரு?" என்று ஜொஹரா நிதானமாகக் கேட்டாள்.

"நீலம்மா. கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி ஒரு நீலம்."

உமாமகேஸ்வரி போனதும் தீபா வேலையில் குதித்தாள். கேசட்டை டெக்கில் தள்ளினாள். கம்ப்யூட்டர் திரையில் நாதஸ்வரம் முழங்க, கறுப்பு வெள்ளையில் கல்யாணம் விரிந்தது.

"வயர்தான் அக்கா! மஞ்சள் வயரை மாட்டிட்டு செட்டிங்ல வேற வயருக்கான எஸ்-வீடியோன்னு வச்சிருந்தா கலர் போயிடும். அந்தக் கடைக்காரன் அதைத்தான் பண்ணியிருப்பான்."

"நம்ம செட்டிங்ல அப்படியா இருக்கு?"

இல்லை. வயரை மாற்றினாள். டெக்குக்குள் டேப்பைப் படிக்கும் தலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். கடைசியில் சந்தேகமே வேண்டாமென்று மாங்கனித் திருவிழா கேசட் ஒன்றைப் போட்டாள். வாரி இறைத்த மாம்பழங்கள் மஞ்சளும் சிவப்புமாகத் திரையில் உருண்டன. ஆக டெக்கும் நலம், வயரும் நலம், படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கார்டும் நலம். நோய் கேசட்டில்தான்.

"அப்ப செல்லம்தான். அலமாரியில ஈரத்துல போட்டிருப்பா."

"ஈரம் பட்டா பூஞ்சை வரும், கோடு விழும், படம் ஆடும். இது பளிங்கு மாதிரி இருக்கு. கலரை மட்டும் தின்கிற பூஞ்சை எந்த ஊர்ல இருக்கு புள்ள?"

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். மணப்பெண்ணுக்கு வினோதினியின் வயதுதான் இருக்கும். தட்டிலிருந்து எதையோ எடுக்க அவள் குனிந்தபோது, புடவையின் அடர்சாம்பல் ஒரு கணம் வெளுத்தது. நிமிர்ந்தபோது மறுபடி கறுத்தது.

"பாருங்க, பிரைட்னஸ் ஏறி இறங்குது. டேப் போயிடுச்சு," என்றாள் தீபா.

"பின்னாடி இருக்கிற ஐயரோட வேட்டி ஏறி இறங்கலையே."

தீபாவுக்கு அது விளங்கவில்லை. ஜொஹராவும் விளக்கவில்லை. கல்யாணம் முடிந்து திரை வெறுமையானது. தீபா நிறுத்தப் போனாள்.

"ஓடட்டும், முழுசும் பாத்துடுவோம்."

கொஞ்ச நேரத்தில் வேறொரு காட்சி முளைத்தது. குட்டை முடி வைத்த வெள்ளைக்காரி ஒருத்தி, தேசப்படத்தின் முன்னால் நின்று, பிரெஞ்சில் எதையோ சொல்லிச் சிரித்தாள். சித்தப்பா அந்தக் கேசட்டில் முன்பு பதிந்து வைத்திருந்த அந்த ஊர் டிவி நிகழ்ச்சியின் மிச்சம்.

ஜொஹரா சிரித்துவிட்டாள். "செல்லத்து மேல வழக்கு தள்ளுபடி."

"எப்படி அக்கா?"

"இந்தப் பொம்பளையும் கறுப்பு வெள்ளையிலதானே இருக்கா? அந்தக் காலத்துல பிரான்ஸ்ல டிவி கலர்லதான் வந்துச்சு. செல்லம் அங்கேயும் போய்க் கலரைத் திருடிட்டு வந்தாளா?"

தீபா திரையிலிருந்த வெள்ளைக்காரியை மறுபடி பார்த்தாள்.

"கலர் எங்கேயும் போகல, இதுக்குள்ளேதான் இருக்கு. நம்ம ஊர் டெக்குக்கு அதைப் படிக்கத் தெரியல. நம்ம ஊர்ல கலரைப் பதியிற முறை ஒண்ணு, பிரான்ஸ்ல இன்னொண்ணு. எழுத்து ஒண்ணு, பாஷை வேற. அதனாலதான் சித்தப்பா தன் பெட்டியைத் தூக்கிட்டு வந்து காட்டினாரு."

கலரோடு படம் பார்க்க வரச் சொல்லி அன்று மாலையே தீபா முத்துக்குமரனுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் எரிச்சலான குரல். "இன்னும் என்னம்மா பாக்கிறதுக்கு இருக்கு? நான் எடுத்தது பச்சைப் பட்டு. எங்கம்மா கையைப் பிடிச்சுக் கடைக்கு வெளியில கூட்டிட்டு வந்து, புடவையை வெயில்ல வச்சுப் பாத்து எடுத்தேன், பச்சைப்பசேல்னு இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குப் பந்தியில இதே செல்லம்தான் வந்து சொன்னுச்சு, 'பொண்ணு நீலப் பட்டுல ஜொலிக்குது மாமா'ன்னு. பொறவு நான் என்ன நினைக்கிறது?"

தீபா போனை வைத்ததும் துள்ளினாள். "அக்கா! அவரு எடுத்தது பச்சை. இவங்க கட்டினதோ நீலம். உமாம்மா பொய் சொல்றாங்க!"

ஜொஹரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்றாங்க. கலர் கெடைச்சா போதும், மத்ததைப் புடவையே பேசிக்கும். சொல்தா பூமிநாதன் வீட்டுக்குப் போயிட்டு வா."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். பூமிநாதன் அங்கிருந்து கொண்டுவந்த டெக்கைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தார். "பாத்து, தாயி, பாரீஸ்ல பொறந்தது," என்று எச்சரித்துக் கொடுத்தார். ஆட்டோவில் அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் தீபா.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உமாமகேஸ்வரி ஒரு கோடியில், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு வந்த முத்துக்குமரன் மறு கோடியில். நடுவில் குணசேகரன், இரண்டு பக்கமும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

"நான் கலரைத் திருடினேனாமே? என்ன அண்ணி, திருடி எதுல போட்டு வச்சிருக்கேன், ஊறுகாய் ஜாடியிலயா?"

"முதல்ல உங்களைத்தாங்க விடுதலை பண்ணணும்," என்ற ஜொஹரா, பிரெஞ்சுக்காரியைப் பற்றியும் இரண்டு ஊர் முறைகளைப் பற்றியும் சொன்னாள். "டெக் மாத்தினா மட்டும் போதாது. கம்ப்யூட்டர் கார்டும் அந்த முறையில கேக்கணும். தீபா, அந்த மூணாவது செட்டிங்கை வை."

அதுவரை கடையில் யாரும் தொடாத வரி அது. தீபா அதை அழுத்தினாள்.

திரை ஒருமுறை துடித்தது. பிறகு வாழைமரம் பச்சையானது. தோரணத்தின் மாவிலையும் மாலையின் ரோஜாவும் நிறம் கொண்டன. இறந்து போன பெரியவர்கள் நெற்றியில் சிவந்த குங்குமத்தோடு நடமாடினார்கள். குணசேகரன், "அம்மா," என்றார் மெல்ல, பந்தலோரம் வெற்றிலைத் தட்டோடு போன ஒருத்தியைப் பார்த்து.

மணவறையில் மணப்பெண் வந்து உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் புடவை நீலமாக மின்னியது.

முத்துக்குமரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்கல்ல? நீலம். நான் எடுத்தது பச்சை. போதும், நான் வர்றேன்."

"பச்சையா?" உமாமகேஸ்வரி திகைத்துப் போய்க் கேட்டாள். "நீங்க எடுத்தது பச்சையாண்ணே?"

"அரை நிமிஷம் நில்லுங்க," என்றாள் ஜொஹரா. "இப்ப தட்டுல எதையோ எடுக்கக் குனிவாங்க பாருங்க."

மணப்பெண் குனிந்தாள். தோளிலிருந்து மடி வரை அந்த நீலம் வழுக்கிக்கொண்டு போய்ப் பச்சையாயிற்று. நிமிர்ந்தாள், நீலம். ஐயர் சொன்னதற்குப் பக்கவாட்டில் திரும்பினாள், மறுபடி பச்சை.

"மயில்கழுத்து!" என்று கத்திவிட்டாள் செல்லம்.

"அதேதான். நெடுக்க ஓடுற பாவு நூல் ஒரு நிறம், குறுக்க ஓடுற ஊடை நூல் ஒரு நிறம். வெயில்ல சாய்ச்சுப் பாத்தா பச்சை, மணவறை விளக்குல நீலம். கறுப்பு வெள்ளையிலேயே அது மாறிக்கிட்டேதான் இருந்துச்சு. டேப் கெட்டுப் போச்சுன்னு தீபா நினைச்சா. ஆனா ஐயர் வேட்டி மாறல, சுவர் மாறல, புடவை மட்டும் மாறினா கோளாறு டேப்ல இல்லையே. அவரு பச்சைன்னதும் மிச்சம் விளங்கிடுச்சு." அவள் முத்துக்குமரன் பக்கம் திரும்பினாள். "செல்லம்மா பாத்ததைச் சொன்னாங்க. நீங்க எடுத்ததைச் சொன்னீங்க. இங்க யாரும் பொய் சொல்லலைங்க."

முத்துக்குமரன் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"வீட்டுல அதை நீலம்னுதான் சொல்லுவோம்," என்றாள் உமாமகேஸ்வரி. "இத்தனை வருஷத்துல பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மயில்கழுத்துண்ணேன்னு நான் அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"நீ நீலம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"கட்டல, கட்டலன்னே நின்னீங்க. நான் கட்டினேன், கட்டினேன்னே நின்னேன். கலரை யாரு கேட்டா?"

"நல்லா இருக்குது நியாயம்," என்றாள் செல்லம். "ஒரு புடவையைப் பாத்து நல்லா இருக்குன்னு வாய் தவறிச் சொன்னது தப்பாப் போச்சு."

அப்போதுதான் தீபா அதைக் கவனித்தாள். திரையில் மணப்பெண் தலையைக் குனிந்துகொள்ளாமல், அடிக்கடி வலப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தோழி அவள் முகத்தைப் பிடித்து நேராகத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள்.

"அங்க என்னங்க இருக்கு, உமாம்மா?"

பதில் சொன்னவர் குணசேகரன். "பந்தி அந்தப் பக்கம்தான். 'யாரைத் தேடுறே'ன்னு நான் காதோரமா கேட்டேன். 'அண்ணன் இன்னும் பாக்கல'ன்னா."

முத்துக்குமரன் மெதுவாக உட்கார்ந்தார். வேறு நாற்காலியில். தங்கைக்குப் பக்கத்தில் இருந்ததில். கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. உமாமகேஸ்வரி தன் தலைப்பை நீட்டினாள். அவர் அதை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார்.

திரையில் மணப்பெண் கூறைப்புடவை மாற்ற எழுந்து போனாள். தீபா டிஸ்க் எழுதும் வேலையைத் தொடங்கினாள்.

"ரெண்டு டிஸ்க் போதும்ல?" என்றாள் ஜொஹரா.

"மூணாப் போடுங்க. எனக்கொண்ணு," என்றார் முத்துக்குமரன். பிறகு தங்கையைப் பார்க்காமலே, "வினோதினிக்குப் பட்டு எடுத்தாச்சா?" என்றார்.

"மாமன் புடவை எடுக்கலண்ணே. அதை நான் எப்படி எடுப்பேன்?"

"புதன்கிழமை கும்பகோணம் போவோம். புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா." எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "எடுக்கிற புடவை என்ன கலர்னு புள்ளையே சொல்லட்டும். கடையில நான் வாயே திறக்க மாட்டேன்."