பதினோரு மணித் தண்ணீர்

டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தாள் வினோலியா. உள்ளே தண்ணீர். கீழே வெங்கடம்மாவின் மடி. மடியில் இன்றைக்குத்தான் பிரித்துக் கட்டிய புதுச் சேலை. சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழுந்தால் மானம் போய்விடும். விழாவிட்டால்... ஆர்டர்.

சொட்டு விழவில்லை. ஆனால் வாசல் குழாயில் ‘உஸ்ஸ்...’ என்று காற்று கிளம்பியது.

“தண்ணி,” என்றாள் ஒருத்தி.

அவ்வளவுதான். ஒன்பது பேரும் எழுந்தார்கள். கேடலாக்குகள் காலில் மிதிபட்டன. மிக்சர் தட்டு கவிழ்ந்தது. பார்ட்டிக்கு வீடு கொடுத்த வெங்கடம்மாவே எல்லோருக்கும் முன்னால் குடத்தோடு ஓடினாள். அரை நிமிடத்தில் அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் மிஞ்சியது வினோலியாவும், அவள் கையில் தலைகீழாக நின்ற டப்பாவும்தான்.

வினோலியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

சமையலறை டப்பாக்களை வீட்டு பார்ட்டி வைத்து விற்கும் கம்பெனியில் அவள் ஆலோசகர். ஒரு வீட்டம்மா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டும். வினோலியா டப்பாவைக் காட்டி, கேடலாக் கொடுத்து, ஆர்டர் எடுப்பாள். சுரங்கம் மூடிப்போன இந்த ஊரிகத்தில், காலை ரயில் பாதி ஜனத்தைப் பெங்களூருக்கு அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சம் இருக்கும் பெண்களுக்கு ஓய்வு கிடைப்பது பதினோரு மணிக்குத்தான். அக்டோபர் முடிவதற்குள் முப்பது ஆர்டர் சேர்ந்தால் அவள் டீம் லீடர். சேராவிட்டால் அண்ணன் லாய்ட் தன் ஆபீசில் சொல்லி வைத்திருக்கும் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அதே காலை ரயிலில்... தினமும்... நின்றுகொண்டே. அவளே ஒப்புக்கொண்ட பேச்சு அது.

விடுவிடுவென்று தெருமுனைக்குப் போனாள். அங்கே ஒருவன் ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருகிக்கொண்டிருந்தான். மடித்துவிட்ட சட்டைக் கை. நெற்றியில் பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டுத் தூசி.

“நீங்கதான் தண்ணி வுடறதா?”

“ஆமாங்க. உங்க வீட்டுக்கு வரலியா?”

“வந்துச்சு. அதான் பிரச்சினை.”

அவன் நிமிர்ந்தான். தண்ணீர் வந்ததற்குச் சண்டை போட வந்தவளை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை போலும். உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டது, கண்கள் அடக்கவில்லை. மழை வருவதற்கு முன்னால் வானம் கறுத்துப் பளபளக்குமே... அப்படி ஒரு ஜோடிக் கண்கள். இவ்வளவு நல்ல கண்களை இப்படிப்பட்ட ஆளுக்கு யார் கொடுத்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். தன் பெயர் இன்பராஜ் என்றும், பக்கத்து ஸ்டேஷனான கோரமண்டல் பக்கமிருந்து இந்தப் பகுதிக்கு மாற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது என்றும், டேங்க் நிரம்புகிற நேரம்தான் தண்ணீர் நேரம், அதற்குக் கால அட்டவணை கிடையாது என்றும் சொன்னான். கடைசியில், அந்த டப்பா நிஜமாகவே ஒழுகாதா என்று கேட்டான்.

அவள் முறைத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த வாரம் நான்காவது லைனில் பார்ட்டி. பதினொன்றே காலுக்குக் குழாய் உஸ்ஸென்றது. அதற்கடுத்த வாரம் ஐந்தாவது லைன். அவள் டப்பாவைத் தலைகீழாக்கிய அதே நொடியில் உஸ்ஸ். இரண்டு தடவையும் தெருமுனைக்குப் போய்ச் சண்டை போட்டாள். இரண்டு தடவையும் அவன் சாவியைச் சாய்த்து வைத்துவிட்டு, கைகட்டி, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டான். சண்டைக்கு ஒத்துழைக்காத ஆளோடு சண்டை போடுவதைப் போலத் தொல்லை வேறில்லை.

அந்த லைன்களில் எல்லோரும் அவனைத் தண்ணி அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். கிழவிகள்கூட. அவள் வாயில் மட்டும் அந்த ‘அண்ணா’ வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கேடலாக்குகள் வேறு மானத்தை வாங்கின. கொடுத்துவிட்டுப் போன இடத்தில் திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டில் நோட்டுக்கு அட்டை. ஒரு வீட்டில் காஸ் அடுப்புக்கு அடியில் விரிப்பு. இன்னொரு வீட்டில் அதே பளபளத் தாளில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவள் சொல்லிப் புலம்பியபோதுதான் இன்பராஜ் கேட்டான்.

“ஒரு கட்டு குடுங்க. நான் தினம் எல்லா லைனும் நடக்கறேன். யாரும் கிழிக்காத மாதிரி குடுக்கறேன்.”

அலுத்துப்போய்க் கொடுத்தாள்.

எட்டு நாள் கழித்துப் போனால்... வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஆணியில் கேடலாக் தொங்குகிறது. சாமி படத்துக்குப் பக்கத்தில், காலண்டருக்குப் பக்கத்தில். அவளுக்கு நெஞ்சு பொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தாள். பின்பக்கம்தான் முன்னால் தெரிந்தது. நீலப் பேனாவில் கொட்டை எழுத்து: ‘மூணாவது லைன். திங்கள், வியாழன். ஏறக்குறைய 12 மணி.’ அதுவும் எங்கே? அவள் ரப்பர் ஸ்டாம்பில் குத்திய பெயருக்கும் போன் நம்பருக்கும் நேர் மேலே.

“என் நம்பர் மேல எழுதி வெச்சிருக்கீங்க.”

“அங்கதாங்க எடம் வெள்ளையா இருந்துச்சு.”

“அப்ப எனக்கு எப்டி போன் பண்ணுவாங்க?”

“அதான் கீழ என் நம்பர் போட்டுட்டனே.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இப்படியும் ஒரு மனுஷனா... ஆனால் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். தண்ணீர் நேரம் கேட்கப் போன் செய்த பெண்கள், கேட்ட கையோடு டப்பாவும் சொல்லியிருந்தார்கள். பெயர் தெரியாததால் அவன் வரைந்தே வைத்திருந்தான். வட்ட மூடி, நீலம், இரண்டு. மாவு கொட்டி வைக்கிற உயர டப்பா, ஒன்று. ஓட்டைக் கரண்டி மாதிரி ஒன்று, வெங்கடம்மாவுக்கே தெரியும்.

அவள் சிரித்துவிட்டாள். கோபத்தின் நடுவிலேயே வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தக் காகிதத்துக்காக வால்வுக் குழிக்குப் போனாள். காகிதம் வாங்க ஒரு நிமிடம் போதும். இருவருக்கும் கால் மணி நேரம் ஆனது. அக்டோபர் மழை தூறும். அவன் சாவியோடு நனைவான். அவள் குடையைக் கொஞ்சம் சாய்ப்பாள்... முழுதாகச் சாய்க்கமாட்டாள். சண்டை நிற்கவில்லை. நீலத்தைப் பச்சை என்று எழுதியதற்குச் சண்டை, மழையில் நின்றுகொண்டே தும்மியதற்குச் சண்டை. வீட்டில் அம்மா நேசமணி, இந்த மழையில் எங்கே போகிறாய் என்று கேட்டால், ஆர்டருக்கு என்பாள். பொய்யில்லை. முப்பத்தொரு ஆர்டர் சேர்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றபோது, ஏழாவது லைன் எலைன் ஆன்ட்டி அவள் தோளைத் தட்டினாள்.

“உனுக்கு இன்னாம்மா கவலை. கேடலாக் வாங்கலன்னா தண்ணி வராதாமே. எங்க லைன்ல யாரும் வாங்கல, நாலு நாளா சொட்டு இல்ல.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வினோலியாவுக்குக் காது சூடேறியது. அப்படியானால் அந்த முப்பத்தொன்று? அவள் பேச்சுக்கு வந்ததில்லையா? பயத்துக்கு வந்ததா? மூன்று மாதம் தொண்டை வறளப் பேசி, மிதிபட்ட கேடலாக்கைத் துடைத்து எடுத்து... இதற்குத்தானா?

மறுநாள் வால்வுக் குழிக்குக் குடையில்லாமல் போனாள்.

“எனக்காக யார்கிட்டயாச்சும் தண்ணிய வெச்சுப் பேசினீங்களா?”

இன்பராஜ் கை நின்றது. முதல் தடவையாக அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

“நான் அப்டிப்பட்ட ஆளா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அது தொண்டை வரை வந்தது. ரோஷம் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் பேசாமல் நின்றாள். அவன் ஓரமாக நின்ற தன் மொபெட்டின் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த கேடலாக்குகளை ஒரு முனையும் மடங்காமல் எடுத்து அவள் கையில் வைத்தான். மறுநாளிலிருந்து வால்வைத் திறந்த கையோடு போய்விடுவான்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் ஆர்டர் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முப்பத்தொரு வீடும் ஏறினாள். தண்ணிக்காரர் சொன்னார் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஆர்டரை இப்போதே அடித்துவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். வருத்தம் இருந்தது. நிறையவே இருந்தது.

பெண்களோ அவளை விநோதமாகப் பார்த்தார்கள். ஒருத்தி, டப்பா எப்போது வரும் என்பதைத் தவிர வேறு பேசவில்லை. இன்னொருத்தி வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார் என்று தயங்கி அடிக்கச் சொன்னாள். அப்படி நான்கு பேர். நான்கு பேருக்கும் சொந்தக் காரணம்தான். தண்ணீரால் இல்லை. நான்கு கோடு போட்டாள். மாதம் முடிகிற நேரத்தில் முப்பது போயிற்று.

கடைசியில் வெங்கடம்மா வீடு. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு வினோலியாவை உட்கார வைத்தாள்.

“ஏன்மா, படிச்ச பொண்ணுதான நீ? அந்தப் பையன் டப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசினது கெடையாது. அதுக்குப் பேரே தெரியாது. அந்தப் பொண்ணு நல்லா பேசும், ஒரு தரம் எழுந்து ஓடாம உக்காந்து கேளுங்கன்னு மட்டும் வீடு வீடா சொல்லிகினு வந்துச்சு.”

ஏழாவது லைன் சங்கதியையும் அவள்தான் சொன்னாள். ஏழாவது லைனுக்கு வரும் பெரிய பைப் கோரமண்டலில் வெடித்துவிட்டது. அதனால்தான் தண்ணீர் இல்லை. காலையில் இங்கே வால்வைத் திறந்துவிட்டு இன்பராஜும் அங்கே குழியில்தான் கிடக்கிறான், ஒரு வாரமாக.

வினோலியாவுக்கு நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே இன்னும் பெரிய எரிச்சல் வந்தது. இனி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவும் அந்தக் கண்களைப் பார்த்து.

அன்று மாலையே போனாள். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டி, சாலையோரம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. மற்ற ஆட்கள் டீக்கடைக்கு ஒதுங்கியிருக்க, அவன் மட்டும் இடுப்பளவு குழியில் நின்று பைப்புக்குப் பட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். முகத்தில் பாதி சேறு. அவள் குழி விளிம்பில் நின்று குடையை நீட்டினாள். இந்தத் தடவை முழுதாகச் சாய்த்தாள். அவள் முதுகு நனைந்தது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். முப்பத்தொரு வீடு ஏறியதை, நான்கு போனதை, லீடர் பதவி இந்தத் தடவை இல்லை என்பதை. லாய்ட் அண்ணனுக்கு வரும் வழியிலேயே போன் செய்து, பேச்சு மாறுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ரயிலேற மாட்டேன், இன்னொரு மூன்று மாதம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டதை. கடைசியாக, நான் கேட்ட கேள்வி தப்பு என்றாள்.

“கேட்டது கூட பரவால்லீங்க. நான் திருப்பிக் கேட்டப்ப பேசாம நின்னீங்களே,” என்றான் அவன்.

“அதுவும் தப்புதான்.”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தான். சட்டை அதைவிடச் சேறு.

“நானும் ஒண்ணு சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“மொத நாள் தெரியாமத்தான் தண்ணி வுட்டேன். ரெண்டாவது, மூணாவது... பார்ட்டி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அரை மணி கழிச்சு வுட்டிருக்கலாம். வுட்டா நீங்க சண்டைக்கு வரமாட்டீங்களே.”

வினோலியா அவனையே பார்த்தாள். நான்காவது லைனில் மிதிபட்ட கேடலாக்குகள் ஞாபகம் வந்தன. ஐந்தாவது லைனில் ஆறிப்போன பன்னிரண்டு டம்ளர் டீ ஞாபகம் வந்தது. குடையாலேயே ஒன்று வைக்கலாமா என்று கை துடித்தது.

“அப்பறம் பாவமா பூடுச்சு. அதான் கேடலாக் கேட்டேன்,” என்றான் அவன், இன்னும் மெதுவாக. “எனுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. மொத நாள்லேர்ந்தே.”

அவள் பேச வாய் திறந்தபோது குரல் கோபமாகவே வந்தது. அவளால் அதை மாற்ற முடியவில்லை.

“நேத்து ஆறாவது லைன்ல பார்ட்டி வெச்சேன். பதினொண்ணுலேர்ந்து பன்னண்டரை வரைக்கும் யாரும் எழுந்து ஓடல. எல்லாரும் வாயத் தொறந்து கேட்டுகினு இருந்தாங்க. எனக்குப் பேச்சே வரல. கொழாயவே பாத்துகினு இருந்தேன், எப்ப சத்தம் வரும்னு. சத்தம் வந்தாதான தெருமுனைக்கு வர முடியும்...”

அவள் நிறுத்தினாள். அவன் குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மழை அவன் முகத்துச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருந்தது.

“எனக்கும் புடிச்சிருக்குது,” என்றாள் வினோலியா. “மேல ஏறி வாங்க. நனையாதீங்க.”