வண்டிக்கு அடியில் விரித்த அட்டை

பானெட் சூடாக இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உள்ளங்கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். பழைய ஜீப் வாங்கப் போகிறவன் முதலில் பானெட்டைத்தான் தொட வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்குள் ஓட்டி வைத்து எஞ்சினின் குறையை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வீடியோ பார்த்துப் படித்த பாடம். ஆனால் பானெட்டைத் தூக்கினால், பேட்டரி இருக்க வேண்டிய தட்டில் தூசிதான் இருந்தது.

“கடைசியா எப்பக்கா ஸ்டார்ட் பண்ணீங்க?”

“எட்டு வருஷமாச்சு. அவர் இறங்கிப் போனதுலேருந்து யாரும் தொடல,” என்றார் விற்கும் அம்மாள். “வெயில்ல சூடாகியிருக்கும்.”

ஷெட்டுக்கு ஜன்னலே கிடையாது.

வேறு யாராயிருந்தாலும் ‘போன் பண்றேங்க’ என்று நழுவியிருப்பார்கள். நம்ம ஆள் நழுவி எங்கே போவார்? நாலு நாளில் வருகிறேன் என்று தங்கை வீட்டுக்குப் போன மனைவி, நாலாவது வருஷமாக இன்னும் வந்துகொண்டேயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர் கடை ஷட்டரை எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தெருவே பார்க்கிறது, பேச்சுக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஒரு ஜீப்பை வாசலில் நிறுத்திக் கழற்றிப் போட்டால் நாலு பேராவது ‘என்ன சார் வேலை?’ என்று நிற்பார்கள் அல்லவா? அதற்குத்தான் இவ்வளவும். உள்ளதைச் சொன்னால், அவருக்கு வேண்டியது வண்டி அல்ல.

சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவெங்கும் ஒட்டிப் பார்த்தார். எங்கும் கச்சிதமாக ஒட்டியது; அடிபட்டதை மறைக்கப் புட்டி பூசிய இடமே இல்லை. கதவைத் திறந்தார். எட்டு வருஷம் மூடிக் கிடந்த வண்டியில் எலி நாற்றம் அடிக்க வேண்டும். அடித்ததோ சோப்பும் முகப்பவுடரும், வெளியூருக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் மேல் வருமே, அந்த வாசனை. பின்சீட்டில் இரண்டு பள்ளம், ஓட்டுபவர் பக்கத்துச் சீட்டில் ஒன்று. ஓட்டும் சீட் மட்டும் பள்ளமில்லாமல் உப்பியிருந்தது.

“வீட்ல எத்தன பேருக்கா?”

“என்னச் சேர்க்காம மூணு பேரு. எல்லாரும் ரெடியாத்தான் இருக்காங்க. ஓட்டத்தான் ஆளில்ல.” அம்மாள் சிரித்தார். “போன்ல தனி ஆளுன்னு சொன்னீங்களே, தேட மாட்டாங்களா உங்கள?”

“மூக்குக்கண்ணாடி உடைஞ்சாதான் என்னயத் தேடுவாங்க.”

மெக்கானிக்கைக் கூட்டி வந்திருக்கலாம். தனியாக வந்ததோடு நிற்காமல், தனி ஆள் என்பதையும் தானாகச் சொல்லி வைத்தாயிற்று.

அடியில் துரு பார்க்க வேண்டும். அம்மாள் சுவரில் சாய்த்திருந்த பெரிய அட்டையை எடுத்து விரித்தார். அதில் எண்ணெய்க் கறையாக ஒரு முதுகின் அச்சு, தோள், இடுப்பு எல்லாம் தெளிவாக. யாரோ வெகுநேரம் படுத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பானெட்மேல் வைத்துவிட்டு, டார்ச்சோடு மல்லாந்து உள்ளே நகர்ந்தார். முதுகு அந்த அச்சில் பொருந்தி உட்கார்ந்தது.

துரு இல்லை. சக்கரத்துக்கு ஒன்றாக ஸ்பிரிங் பட்டைகள் நாலும் நிமிர்ந்திருந்தன. நல்ல வண்டிதான் என்று நினைத்தபோது, பின்பக்கம் ஒரு மூலையில் பட்டை முனகியது. மெல்ல, ஒரு ஆள் ஏறி உட்காருகிற அளவுக்கு, அமுங்கியது.

“அக்கா, ஏறாதீங்க. நான் அடியில இருக்கேன்.”

தலையைத் திருப்பினார். அம்மாளின் நீலச் செருப்பு ஷெட் வாசலில், இரண்டு காலும் தரையில்.

பின்பக்கத்து இன்னொரு மூலை முனகியது.

அமுங்கியது.

அடித்தகடு மார்பை நெருங்கியது. டார்ச் உருண்டு போனது. முன்பக்கம், ஓட்டுபவருக்குப் பக்கத்து மூலை. மூன்று. மேலே யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ செருமினார்கள். துணி உரசல். பிறகு அமைதி. ஊர்க்கோடிவரை போய்வரக் காத்திருக்கிற அமைதி.

நாலாவது மூலை நிமிர்ந்தே நின்றது.

வெளியே வர வேண்டும். குதிகாலை ஊன்றினார். கால் நகர்ந்ததா, தெரியவில்லை. “அக்கா,” என்றார். சத்தம் வரவில்லை.

நாலாவது மூலை அமுங்கியது. நிதானமாக. அவர் எடைக்குச் சரியாக.

நீலச் செருப்பு நடந்து ஓட்டுபவர் பக்கம் வந்து நின்றது.

“கண்ணாடிய மறந்துட்டீங்க, இந்தாங்க.”

“அட, தேங்க்ஸ்க்கா,” என்றது மேலேயிருந்து அவருடைய குரல். அவருக்கே கேட்டுப் பழக்கமில்லாத சந்தோஷத்தோடு.

பேட்டரியில்லாத வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. நாலு பேரின் சிரிப்பு மேலே நகர்ந்து, வாசலைத் தாண்டி, தெருவில் தேய்ந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

அம்மாள் குனிந்தார். அட்டையோடு கிடந்தவரின் கண்களை ஊடுருவிப் பார்த்தார். அவரை அல்ல, அட்டையின் கறையைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. காலியான அட்டையைத் தூக்குவதுபோல ஒற்றைக் கையால் தூக்கினார். கனமே இல்லை. கறை படிந்த பக்கத்தை உள்ளே திருப்பி, பழைய இடத்தில் சாய்த்து வைத்தார்.

கண்ணெதிரே, ஒரு விரற்கடை தூரத்தில், சுவர்.