தாளுக்கு வெளியே போன விரல்

ஜிஜாவின் அப்பா ஈசாக் மறுபடியும் கட்டிலைத் தட்டினார்.

"தண்ணி வேணுமா அண்ணே?" அவருடைய தங்கை, மாமி புஷ்பபாய் ஓடிவந்தாள்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"வலிக்குதா? ஃபேன் போடட்டா?"

அதுவும் இல்லை. இடது கை வாசல் பக்கம் நீண்டு, சோர்ந்து விழுந்தது. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

அந்த 1998 மழைக்காலத்தில்தான் அவர்கள் போன ஜீப் காட்டாக்கடை அருகே கவிழ்ந்தது. அம்மா இறந்துபோனாள். தலையில் அடிபட்ட அப்பாவால் பேசவோ வாசிக்கவோ முடியவில்லை. ஜிஜாவின் வலது கையில் இன்னும் மாவுக்கட்டு இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி சேச்சி பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை ஜிஜாவையும் உடன் அழைத்துப் போனாள். வீட்டில் இருந்தால் ஜிஜா சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சேச்சி ஏதோ பள்ளிக்கூடத்து மார்க்குகளை அடித்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்கக் கட்டங்கள்.

"சேச்சி, இந்தக் கட்டத்துக்குள்ள கலர் போட முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"எங்க வீட்டை வரையணும். அப்பா என்ன கேக்குறார்னு தொட்டுக் காட்டுவார்லா?"

"அதைப் பேப்பர்ல..." என்று தொடங்கிய சேச்சி, மாவுக்கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இது கணக்கு போடுறதுக்காக்கும் மோளே. ஆனா கோடும் போடும். வா, உக்காரு."

இடது கையில் மவுஸ் துள்ளியது. ஜிஜா விடவில்லை. கட்டங்களைச் சின்னதாக்கினாள். தடித்த கோடு சுவர் ஆனது. கோடு இல்லாத இடம் வாசல்.

"இந்தக் கறுப்புக் கட்டம் என்ன?"

"எங்க பசு."

"பசு சதுரமாவா இருக்கும்?"

"கட்டத்துக்குள்ள நிக்குதுல்லா, சதுரமாத்தான் நிக்கும்."

சேச்சி சிரித்துவிட்டாள். ஜிஜாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

பிரிண்டர் கர்கர் என்று வீட்டைத் துப்பியது.

சாயங்காலம் அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் விரல் கட்டிலில் தொடங்கி, வாசலைத் தாண்டி, கிணற்றுக்குப் போனது.

"குளிக்கணுமா அண்ணே?" என்றாள் மாமி.

விரல் நிற்கவில்லை. தாளின் ஓரத்தைக் கடந்து போர்வைமேல் இறங்கியது.

"பாவம், கை நடுங்குது. அண்ணனுக்குப் படம் மனசிலாகல்ல."

ஜிஜா விரலை மீண்டும் கட்டிலில் வைத்தாள். அது அதே வழியில் போய், அதே ஓரத்தில் இறங்கியது.

"நடுங்கல்ல மாமி. அப்பா எங்கேயோ போறார். படந்தான் பத்தல்ல."

அடுத்த முறை சென்டருக்குப் போனபோது, ஜிஜா வீட்டுக்கு அந்தப் பக்கம் திரையை நகர்த்தினாள். புதிய கட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டோரத்து ஒடுங்கிய இடவழி, கால்வாய்ப் பாலம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், சபை ஆலயம், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம்.

அங்கே ஒரு கட்டத்தில் அவள் கை நின்றது. அதற்கு என்ன நிறம் போடுவது என்று தெரியவில்லை. சுற்றிலும் கோடு மட்டும் போட்டாள்.

இந்த முறை தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக வந்தன. வீட்டில் அவற்றைக் கட்டில்மேல் விரித்தாள். அப்பாவின் விரல் மெல்ல நடந்தது. பாலத்தைத் தாண்டியது. ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. நிறமில்லாத அந்தக் கட்டத்தில் நின்றது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

"அம்மாகிட்ட போணுமா அப்பா?"

அவர் கண்களை மூடித் தலையசைத்தார். ஆமாம்.

மாமி கதவில் சாய்ந்து அழுதாள். "இதை ஒருத்தரும் கேக்கல்லியே அண்ணே."

மறுநாள் மழை விட்டதும் ஆட்டோ வந்தது. மாமியும் டிரைவரும் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். அம்மாவின் கல்லறையில் கல் இன்னும் வைக்கவில்லை. மரச் சிலுவையும் ஈர மண்ணும்தான். அப்பா மண்ணில் கையை வைத்தார். திடீரென்று குரல் வந்தது. வார்த்தை இல்லாத, பெரிய அழுகை. ஜிஜாவும் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

மறுபடியும் தூறத் தொடங்கியது.

"போவோமா மக்கா?" என்றாள் மாமி.

ஜிஜா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"குடையை இங்க தாங்க மாமி. நாங்க இன்னும் கொஞ்சநேரம் இருந்துட்டு வாறோம்."