முன்னுக்குப் போன நெற்றி

கருவாட்டு வேனின் பின்கதவைத் திறந்த டிரைவர் ஸுஹைர் போட்ட அலறலில், கின்னியாத் துறைக் காகங்கள் கூட்டமாக எழும்பிப் பறந்தன.

உள்ளே முதலாளி ஆனந்தராசா மல்லாந்து கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் இரத்தம் தோய்ந்த இரும்பு எடைக்கல்.

இன்னொரு மூலையில் கணக்கப்பிள்ளை யோகலிங்கம். நெற்றியில் காயம். முனகல்.

ஆண்டு 1992. வாகனங்களைச் சுமந்துகொண்டு கடலைக் கடக்கும் இரும்பு மிதவைக்கு அந்தப் பக்கத்தில் ‘பாதை’ என்று பெயர். அந்தப் பாதையில்தான் வேன் வந்து சேர்ந்திருந்தது. சல்லி ஊரில் ஏற்றிய கருவாடு, கிளிவெட்டிக்குப் போகிறது. மறுகரைக் காவலரணில் நின்ற சிப்பாய், மணம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘போ போ’ என்று கையைக் காட்டியிருந்தான்.

பத்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் பாக்கியரத்தினம் வந்தார்.

பௌதிகத்தில் பட்டம் பெற்றவர். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்பவர். கொழும்பிலிருந்து சீனன்குடா விமானத்தளத்தில் வந்திறங்கி, படகில் கின்னியா வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

“என்னடா நடந்தது?”

“பாதையில ஏத்தக்குள்ள ஒரு ஆடு குறுக்க பாஞ்சிச்சு சேர். சடாரெண்டு பிரேக் அடிச்சன். பின்னுக்கு ‘டொம்’ எண்டு சத்தம். ஆக்கள் விழுந்திட்டாங்க எண்டுதான் நினைச்சன்...”

“ரெண்டு பேரும் எந்தப் பக்கம் பாத்து இருந்தவை?”

“முன்பக்கம் பாத்து, பலகை வாங்கில.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பரீட்சைத் தாளில் பூச்சியம் போடுகிறவரின் சிரிப்பு.

“ஓடுற வாகனம் நிண்டால், உள்ளுக்கிருக்கிறவன்ர உடம்பு நிக்காது. முன்னுக்குத்தான் போகும். நியூட்டன்ர முதலாம் விதி. இந்த மனுசனுக்குக் காயம் பின்மண்டையில. அப்ப பிரேக் கொல்லேல்ல. நீதான் பின்கதவைத் திறந்து கொலை செய்திருக்கிறாய்.”

“சேர், ஆனா வேன் அந்த நேரம்...”

“கதையாதே. இது விஞ்ஞானம்.”

யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“உமக்கு நெத்தியில எப்பிடி?”

யோகலிங்கம் ஒரு கணம் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

“ஐயா சொன்னது அப்பிடியே சரி. பிரேக் போட்ட உடன முன்னுக்குப் போய் நெத்தி அடிபட்டு மயங்கிட்டன். முழிச்சுப் பாக்க முதலாளி உயிரோட இல்லை...”

“பாத்தியாடா? நியூட்டனுக்குச் சாட்சி.”

“சேர், நான் சொல்றதக் கொஞ்சம்...”

“ஏத்தடா இவனை.”

விலங்கு விழுந்தது. அவசரகாலச் சட்டத்தில் உள்ளே போகிறவன் எப்போது வெளியே வருவான் என்பது உள்ளே போடுகிறவருக்கே தெரியாத காலம். ஸுஹைரின் மனைவி றஹ்மா செருப்பில்லாமல் ஓடிவந்து ஜீப்பைப் பிடித்தாள்.

“அவரு கோழி அறுக்கவே பயந்த மனுசன் ஐயா.”

“கோழிக்குப் பௌதிகம் தேவையில்லை,” என்றார் இன்ஸ்பெக்டர்.

திருகோணமலைக்குப் போக ஜீப் பாதையடிக்கு வந்தது. முன் இருக்கையில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஸுஹைர், சாட்சியாக யோகலிங்கம், ஒரு கொன்ஸ்டபிள்.

ஜீப் நின்றது. திரும்பியது. பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டியது.

“என்ன செய்யிறாய்?”

“ரிவேர்ஸில தானே சேர் ஏத்துறது,” என்றான் ஜீப் டிரைவர். “அக்கரையில நேர இறங்கோணுமே. பாதையில திருப்ப எங்க இடம்? எல்லா வாகனமும் இப்பிடித்தான்.”

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார்.

ஜீப் விர்ரென்று பின்னேறியது. “போதும், போதும்” என்று பாதைக்காரன் கத்தினான்.

பிரேக்.

இன்ஸ்பெக்டரின் தலை, எந்தப் பட்டத்தையும் மதிக்காமல், பின்னோக்கிப் பறந்தது. இருக்கைக்குப் பின்னாலிருந்த இரும்புக் குழாயில் ‘ணங்’. பின்னால் இருந்த மூவரும் சாதி சமயம் பாராமல் பின்கதவடியில் குவிந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் காலடியில் விழுந்த தொப்பியை எடுத்து மாட்டினார்.

“ஸுஹைர்... உன்ர வேனும் ரிவேர்ஸிலயோ ஏறினது?”

“அதத்தான் சேர் மூணுதரம் சொல்ல வந்தனான்.”

இன்ஸ்பெக்டர் பின்மண்டையைத் தடவிக்கொண்டே மெதுவாகத் திரும்பினார்.

“அப்ப யோகலிங்கம்... எல்லாரும் பின்னுக்குப் போகேக்க, நீர் மட்டும் எப்பிடி முன்னுக்குப் போனனீர்?”

யோகலிங்கத்தின் முகம் கருவாடாகியது.

“உண்மையச் சொல்லும். அந்தக் காயம் ஆர் தந்தது?”

“முதலாளி...” என்றான். “சாக்குக்குள்ள, கொண்டுபோக ஆமி தடைசெய்த பற்றரி வச்சிருந்தனான். கண்டிட்டார். கரையில ஆமிக்குச் சொல்லப்போறனெண்டு தராசால நெத்தியில போட்டார். நான் எடைக்கல்லால... அந்த நேரம் இவன் பிரேக் அடிச்சான். கடவுள் தந்த பிரேக் எண்டு நினைச்சன். பின்னுக்கு விழுந்து செத்திட்டாரெண்டுதான் சொல்ல இருந்தனான்.”

“பிறகேன் முன்னுக்கெண்டு சொன்னனீர்?”

“பெரிய ஐயா முன்னுக்கெண்டு சொல்லேக்க, நான் எப்பிடிப் பின்னுக்கெண்டு சொல்லுறது?”

விலங்கு கை மாறியது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார், தொப்பியைச் சரிசெய்தார், கடலைப் பார்த்தார்.

“நியூட்டன்ர விதி பிழையில்லை,” என்றார்.

“இல்ல சேர்,” என்றான் ஸுஹைர், மணிக்கட்டைத் தேய்த்தபடி. “அக்கரையில ஜீப் நேர இறங்கும். அப்ப பிரேக் அடிச்சா நீங்க சொன்னது சரியா வரும். நெத்தியப் பிடிச்சுக்கொள்ளுங்க.”